தாமிராவின் தலையில் அடித்த சத்தியம்

பிள்ளையை முதன்முதலாகப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிற வீட்டில் என்னென்ன ஏற்பாடு நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டியில் ஒரு வீட்டில் நடந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன், மழுப்பக் கூடாது.

இசக்கிராஜாவுக்கும் செண்பகவல்லிக்கும் ஒரே மகள் தாமிரா. நாலு வயது. அவள் சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் செண்பகவல்லி, "இரு, டாக்டர்ட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுதேன்" என்று மிரட்டுவாள். பிள்ளை விழுங்கிவிடும். இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஊசியைக் காட்டித்தான் சோறு இறங்கியது. அதனால் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தபோது தாமிரா யாரிடமும் மூச்சு விடவில்லை. இடது பக்கமாகவே மென்று சமாளித்தாள். பல்லில் கறுப்பாக இருந்ததைப் பெற்றவர்களும் பார்த்தார்கள். "பால்பல்தானே, விழுந்து முளைச்சிரும்" என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இந்த இடத்தில் பெற்றவர்கள் இரண்டு பேர்மேலும் கோபம் வருகிறது. இருக்கட்டும், மேலே போவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வலது கன்னம் வீங்கியிருந்தது. மதியம் உடம்பு கொதித்தது. பல் டாக்டர் ஹெப்சிபாவிடம் சாயங்காலத்துக்கு நேரம் வாங்கினார்கள். செண்பகவல்லி ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு, "ஆ காட்டு, பல் டாக்டர் இப்படித்தான் பாப்பாங்க" என்று ஒத்திகை நடத்தினாள். டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. கெஞ்சியும் வரவில்லை, அதட்டியும் வரவில்லை. அதற்குள் வீக்கம் கண்ணுக்குக் கீழே வந்துவிட்டது.

இசக்கிராஜா தரையில் படுத்து, கையை நீட்டி, அவள் உச்சந்தலையில் வைத்தான்.

"ஊசியே கிடையாது தாயி. உன் தலைமேல சத்தியம்."

செண்பகவல்லி பதறிப்போய் அவன் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியம் பொய்த்தால் அது பிள்ளையைத்தான் தாக்கும் என்பது அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எல்லாரும் நம்புவது. இசக்கிராஜாவும் நம்புகிறவன்தான். அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது. தாமிரா மட்டும் நிம்மதியாக வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்து வாயையும் திறந்தாள். உள்ளே பார்த்த டாக்டரின் முகம் மாறியது. பெற்றோரைத் தள்ளி அழைத்துப் போனார்.

"பல்லுக்கு அடியில சீழ் கட்டியிருக்கு. மரத்துப்போக ஊசி போட்டு இப்பவே பல்லை எடுக்கணும். விட்டா கண்ணுக்கு ஏறிரும். அப்புறம் உயிருக்கே ஆபத்து."

"ஊசி மட்டும் வேண்டாம் டாக்டர்" என்றாள் செண்பகவல்லி. "பிள்ளை தலைமேல சத்தியம் பண்ணிட்டாரு. மாத்திரை குடுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதோம்."

இசக்கிராஜா வேறு வழி கண்டுபிடித்திருந்தான். "ஊசி போடாம அப்படியே பிடுங்கிருங்க. கையைக் காலை நான் பிடிச்சுக்கிடுதேன். சத்தியமும் தப்பாது, சீழும் போயிரும்."

டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டார். "மாத்திரை மட்டும் போதாது. மரத்துப்போகாம நாலு வயசுப் பிள்ளைக்கு நான் பல்லு பிடுங்க மாட்டேன். கண்ணை மூடச் சொல்லி, தெரியாம ஊசியைப் போட்டுருதேன். சத்தியம் பொய்யானது அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

அங்கே பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கண் பாதி மூடிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். சத்தியத்துக்குப் பயந்து திரும்பிப் போக நினைத்தாள் தாய். சத்தியத்தைக் காப்பாற்றப் பிள்ளையை வதைக்கவும் துணிந்தான் தகப்பன். மறைத்து ஊசி போடலாம் என்றார் டாக்டர். இதில் யார் சொன்னது சரி? அந்தச் சத்தியத்திலிருந்து தகப்பனை யாரால் விடுவிக்க முடியும்?

விடை: ஊசி போட்டே ஆகவேண்டும் என்றதில் டாக்டர் சரி, மறைத்துப் போடலாம் என்றதில் தவறு. அப்படிப் போட்டால் அடுத்த தடவை இந்தப் பிள்ளை சாகக் கிடந்தாலும் வாய் திறக்காது. சத்தியத்தை வாங்கியவள் தாமிரா. அதைத் திருப்பிக் கொடுக்கவும் அவளால்தான் முடியும். மூன்று பேரும் அவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் மறுத்தாலும் ஊசி போடத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரிந்து போட வேண்டும். இசக்கிராஜாவுக்கு இது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாற்காலி அருகே போய் மண்டியிட்டான். "ஊசி போடணும் தாயி. அப்பா பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ." தாமிரா "வலிக்குமாப்பா?" என்று கேட்டாள். "வலிக்கும்" என்றான். அவள் அழுதாள். அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.