சத்தத்தை விழுங்கிய சைலன்சர்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அந்தக் காரின் வயிற்றுக்கு அடியில் ஒரு சைலன்சர் இருந்தது. அதற்குப் பெரிய பதவியெல்லாம் இல்லை. முன்னால் இன்ஜின் வெடிக்கிற வெடியை எல்லாம் வாங்கி விழுங்கிவிட்டு, பின்னால் ஒரு சின்ன மூச்சாக வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். அதுவும் ஒரு வேலையா என்று கேட்பவன் ஒரு நாள் அந்த இடத்தில் படுத்துப் பார்க்கட்டும், தெரியும்!

இன்ஜின் மூடிக்குக் கீழே சொகுசாக உட்கார்ந்திருந்தது. அதற்கு எண்ணெய் உண்டு, தண்ணீர் உண்டு, வேர்த்தால் வீச விசிறி உண்டு. ஆயுத பூஜை வந்தால் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் முன்பக்கத்துக்குத்தான். சைலன்சருக்கு என்ன கிடைக்கும்? சேறு கிடைக்கும். வேகத்தடை தவறாமல் ஒரு இடி கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளி பெயிண்ட், அதுவும் வெளியில் தெரிகிற இடத்துக்கு மட்டும்.

"என்ன நைசா ஓடுது சார் உங்க வண்டி! இன்ஜின் இருக்கதே தெரியலையே!" என்று தெருவில் யாராவது சொல்லிவிட்டால் இன்ஜினுக்குத் தலைகால் புரியாது.

"நான் பிறவியிலேயே சாதுல்லா" என்று ஹாரனிடம் பெருமை அடித்துக்கொள்ளும்.

"அது தெரிஞ்ச விஷயம்தான அண்ணாச்சி" என்று ஹாரன் ஒத்து ஊதும்.

சைலன்சருக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறக்காது. அந்தக் கோபத்தையும் சேர்த்து விழுங்கிக்கொள்ளும்.

இன்ஜின் விடுகிற புகையில் ஈரம் இருக்கும். வண்டி நெடுந்தூரம் ஓடினால் சூடு ஏறி அந்த ஈரம் காய்ந்துவிடும். வண்டியின் சொந்தக்காரர் சிதம்பரநாதனோ முக்குக் கடைக்குப் போவார், கோயிலுக்குப் போவார், வந்து நிறுத்திவிடுவார். சூடு ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஈரம் சைலன்சரின் வயிற்றிலேயே தங்கிவிடும்.

"அண்ணாச்சி, ஒரு நாளாவது கொஞ்சம் தூரமா ஓடுங்களேன். எனக்கு உள்ள காயவே மாட்டேங்கு" என்று அது ஒரு நாள் கேட்டது.

"உனக்கு உள்ளன்னு வேற ஒண்ணு இருக்கால?" என்று இன்ஜின் சிரித்தது.

கொஞ்ச நாளில் சைலன்சரின் வயிற்றுக்குள் ஏதோ நமநமவென்று அரிக்கத் தொடங்கியது. பார்த்தால், துரு.

"நீ எந்த வழியா உள்ள வந்த?" என்று சைலன்சர் அதட்டியது.

"நான் ஒரு வழியாவும் வரலை. நீ முழுங்கி முழுங்கி வச்சியே, அதுலதான் பொறந்தேன்" என்றது துரு.

பிறகென்ன, ஒரு நாள் காலையில் வயிறு ஓட்டையாகிவிட்டது. வண்டியைக் கிளப்பியதும் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு மங்கையர்க்கரசி காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஐயையோ, இந்தச் சைலன்சர் என் மானத்தை வாங்குதானே!" என்று இன்ஜின் அலறியது.

சைலன்சர் முதல் தடவையாக எதிர்த்துப் பேசியது. "சத்தம் உங்களுது அண்ணாச்சி."

"ஏல, உன் ஓட்டையிலேர்ந்துதான வருது?"

"ஓட்டை என்னுது. சத்தம் உங்களுது."

"கிழிஞ்ச வாய வச்சிக்கிட்டு என்ன பேச்சு பேசுதான் பாரு! இவனை முதல்ல கழட்டி எறியணும்."

கேட்டீர்களா அநியாயத்தை! வெடிக்கிறவன் சாதுவாம், வாங்கிக்கொண்டவன் ரௌடியாம். ஹாரன் ஆமாம் போட்டது. ஸ்டீயரிங் ஆமாம் போட்டது. ஒரு பயல் நியாயம் பேசவில்லை.

கழட்டட்டும், துண்டு துண்டாக வெட்டட்டும், பழைய இரும்புக்காரனிடம் போடட்டும் என்று சைலன்சர் நினைத்தது. அதற்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் சத்தம் யாருடையது என்று ஒரே ஒரு தடவை இந்தத் தெருவுக்குத் தெரிந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரநாதன் புதுச் சைலன்சர் வாங்கிக்கொண்டு வந்தார். "இதுக்குப் போயி மெக்கானிக்கா? நானே மாட்டிருவேன்" என்று தெருவில் எல்லோரிடமும் சிரித்துச் சொன்னார். சிதம்பரநாதன் சார் என்றால் தெருவில் தனி மரியாதை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன் என்று பெயர். வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, செங்கலை அண்டக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தார். டார்ச் அடிக்க மனைவி கோமதி பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள்.

நட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், அசையவில்லை. ஸ்பேனரைப் போட்டு இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. சுத்தியலால் ஒரு போடு போட்டார். துரு பொலபொலவென்று அவர் கண்ணில் கொட்டியது.

"டார்ச்ச நேரா பிடிட்டி, மூதி!" என்றார். தெருவுக்குக் கேட்காதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"காட்டச் சொன்ன இடத்துலதான காட்டுதேன்" என்றாள் கோமதி மெதுவாக.

"எதுத்து வேற பேசுதியோ? உள்ள வா, வச்சிக்கிடுதேன்."

கோமதி வந்த வார்த்தையை விழுங்கினாள். தொண்டை மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. சைலன்சர் அதைப் பார்த்தது. விழுங்குகிறவளை விழுங்குகிறவனுக்குத் தெரியாதா? அதுவரை தனக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்த சைலன்சருக்கு இப்போது அவளுக்காகவும் சேர்த்துக் கோபம் வந்தது.

கடைசியில் அவர் ரம்பத்தை எடுத்து அறுத்தார். சைலன்சர் தடாலென்று சாக்கில் விழுந்தது. விழுகிறபோது அவர் கட்டை விரலையும் கிழித்துவிட்டது. வேண்டுமென்றே செய்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் அதை ஒரு உதை உதைத்துச் சுவரோரம் தள்ளினார். அங்கே புதுச் சைலன்சர் பளபளவென்று சாய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்து நின்றது. "வண்டிய எடுங்க சார், இன்னும் நாலு தெருவுக்கு ஊத்தணும்!" என்று டிரைவர் தலையை நீட்டினார். சிதம்பரநாதன் கையிலிருந்து ரத்தம் சொட்டியது. செங்கலைத் தள்ளி, ஜாக்கியை இறக்கிவிட்டு, "நீ ஏறு. பின்னால எடுத்து கேட்டுக்குள்ள விடு" என்றார் கோமதியிடம்.

கோமதி ஏறிச் சாவியைத் திருப்பினாள். அடேயப்பா! அந்தத் தெரு அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"யாருது இந்தச் சத்தம்?" என்று இன்ஜினே பயந்துபோய்க் கேட்டது.

"உன்னுதுதாம்ல!" என்று சுவரோரத்திலிருந்து சைலன்சர் கத்தியது. அண்ணாச்சியாவது மண்ணாங்கட்டியாவது! "நான் இங்க கிடக்கேன். இனிமே யாரைச் சொல்லுவ?"

இன்ஜின் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. புதுச் சைலன்சரைப் பார்த்து, "பாத்தியா தம்பி, கழட்டிப் போட்ட பிறகும் அந்தப் பய என் மானத்தை வாங்குதான். நீ சீக்கிரம் வா" என்றது.

"இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி!" என்றது அந்தப் பளபளப்பு.

சைலன்சருக்கு வந்த ஆத்திரத்தில் உடம்பிலிருந்த துருவெல்லாம் உதிர்ந்தது. இவ்வளவு பெரிய சத்தத்தைக் கேட்டும் எவனுக்கும் உறைக்கவில்லையே!

சிதம்பரநாதன் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு வழி சொன்னார். இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பல்லைக் கடிக்கவில்லை. தொண்டையைத் திறந்துவிட்டார்.

"ரைட்ல ஒடிட்டி! ரைட்டு எதுன்னு தெரியாதா? சோத்துக்கைதாம்ட்டி! உங்கப்பன் உன்னை என்னத்தட்டி படிக்க வச்சான்?"

கோமதி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள்.

"சவத்து மூதி, ஒரு அறை விட்டேன்னா பல்லு முப்பத்திரெண்டும் கொட்டிப் போவும்!"

அடங்கிப்போன தெருவில் அந்த ஒரு குரல்தான் கேட்டது. லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். சிதம்பரநாதன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வண்டிச் சத்தத்துல கேக்காதுன்னு..." என்று இழுத்தார். வண்டி சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"சாரா பேசினது?" என்றாள் மங்கையர்க்கரசி. "நான் வேற யாரோன்னுல்லா நெனச்சேன்!"

கோமதி கதவைத் திறந்து இறங்கினாள்.

"சார்தான் அக்கா. வீட்டுக்குள்ள தினமும் இதே குரல்தான். உங்க யாருக்கும் கேட்டுறக் கூடாதுன்னு நான்தான் ஓடி ஓடி ஜன்னலைச் சாத்திக்கிட்டுக் கிடந்தேன். இனிமே சாத்த மாட்டேன்."