கண்டோஜி மெல்லாத பீடா

தஞ்சை மராட்டிய மகாராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவன் மாசிலாமணி. மகாராஜாவின் தம்பி கண்டோஜி அவன் கையில் ஒரு பீடாவைத் திணித்தான்.

"இதில் விஷம் வைத்திருக்கிறேன். அண்ணன் மெல்லாவிட்டால், என் மாளிகையில் அடைத்திருக்கும் உன் மகள் பிணமாகத்தான் வருவாள்."

மாசிலாமணி அதைத் தட்டில் ஏந்தித் தர்பாரில் நின்றான். மகாராஜா கை நீட்டினார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மகாராஜா கொடுக்கும் பீடாவைச் சபையிலேயே மெல்பவர்தான் படைத்தலைவர். கண்டோஜி வெகுநாளாகக் கேட்டு நச்சரித்த பதவி அது.

"பிரபு, இது சின்ன மகாராஜா தம் கையாலேயே மடித்தது. இதைத் தாங்கள் கொடுத்து, அவர் மென்று, படைத்தலைவர் ஆகட்டுமே!" என்றான் மாசிலாமணி.

மகாராஜா சிரித்தபடி தம்பியிடம் நீட்டினார். "வாங்கிக்கொள்ளடா!"

சபையே பார்த்தது. கண்டோஜியின் கை எழவேயில்லை. மகாராஜாவின் சிரிப்பு நின்றது.

"பிரபு, அவர் வாயை அப்புறம் திறக்கலாம்," என்றான் மாசிலாமணி. "முதலில் அவர் மாளிகைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே என் மகள் இருக்கிறாள்."