பலாச்சுளையை மட்டும் பார்த்த மரநாய்

மருதமும் ஆலும் அடர்ந்த ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. எந்த மிருகம் எப்படிக் கற்றுக்கொள்கிறது, எதை நம்பி முடிவெடுக்கிறது என்று சோதித்துப் பார்ப்பதில் அதற்குக் கொள்ளை ஆசை.

ஒருநாள் அணிலையும் மரநாயையும் அது கூப்பிட்டது.

"ஆலமரப் பொந்திலும் மருதமரப் பொந்திலும் உங்களுக்குப் பழம் வைப்பேன். சில நாள் வைக்காமலும் விடுவேன். தினமும் ஆளுக்கு ஒரு பொந்தில்தான் கையை விட்டுப் பார்க்கலாம். மழை தொடங்கும் அன்று ஏதாவது ஒரு பொந்தைச் சொல்லிவிட வேண்டும். மழைக்காலம் முழுக்க அதுதான் உங்களுக்கு. அப்புறம் மாற்ற முடியாது!"

முதல் நாள் ஆலமரப் பொந்தில் அணிலுக்குக் கிடைத்தது, கமகமவென்று ஒரு பலாச்சுளை. மருதமரத்தில் மரநாய்க்கு ஓர் அத்திப்பழம்.

மரநாய்க்கு வயிறு எரிந்தது. 'இந்தப் பொடியனுக்குப் பலா, எனக்கு அத்தியா?' பழுத்த அத்திதான். ஆனாலும் அதன் வாயில் இனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அது ஆலமரத்தை விட்டு நகரவில்லை. பொந்து காலி. அடுத்த நாளும் காலி. வெறுங்கையை வெளியே எடுக்கும்போதெல்லாம், அணில் சுளையைச் சப்பிச் சப்பித் தின்றதுதான் கண்முன் வந்து நின்றது.

"அவனுக்கு வந்தது எனக்கு வராமலா போகும்?" என்று பல்லைக் கடித்தது.

அணிலோ இரண்டு பொந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. ஆலமரத்தில் அதுவும் பலமுறை ஏமாந்தது. அதையெல்லாம் மரநாய் கவனிக்கவே இல்லை. மருதமரத்தில் மட்டும் அநேகமாக எல்லா நாளும் அத்தி இருந்தது.

வானம் கறுத்தது. முதல் தூறல் விழுந்தது. முடிவைக் கேட்கக் கரடி வந்து நின்றது.

"அண்ணே, மருதமரத்தையே சொல்லுங்க. பலா எப்பவாவதுதான் வரும்," என்றது அணில்.

"ஓகோ! சுளையெல்லாம் நீ ஒருத்தனே தின்னலாம் என்று பார்க்கிறாயா?" என்று சீறிய மரநாய், "எனக்கு ஆலமரம்!" என்று கத்தியது.

"எனக்கு மருதமரம்," என்றது அணில்.

மரநாய் திடுக்கிட்டது. ஆனால் கரடி தலையசைத்துவிட்டுக் குகைக்குள் போய்விட்டது.

அடைமழை பிடித்துக்கொண்டது. காலிப் பொந்தில் கையை விட்டுப் பார்த்துப் பார்த்தே மரநாய் எலும்பும் தோலுமானது. மருதமரத்தில் அணில் அத்தி தின்பதைப் பார்த்துப் பொருமியது.

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னேனே அண்ணே! நீங்கதான் நம்பலை. சரி, இந்தாங்க," என்று அணில் ஒரு பழத்தை நீட்டியது.

மரநாய் வாங்கிக்கொண்டது. கடிப்பதற்கு முன் அணிலின் கையைப் பார்த்தது. அங்கே இருந்த பழம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

நீதி: அடுத்தவர் கையையே பார்த்துப் பொருமுகிறவர், தம் கை கற்றுத்தரும் பாடத்தைக் கோட்டைவிடுவார்.