வடமுனைக் கிடாவும் உடைமர விதையும்

உப்புத்திட்டு என்ற சின்னத் தீவில் பஞ்சி என்று ஒரு முயல் இருந்தது. ஒண்டி நிற்க அதற்கு ஒரு கைப்பிடி நிழல்கூட இல்லை!

ஒரு காலத்தில் அந்தத் தீவு முழுக்க உடைமரங்கள் என்னும் முள்மரங்கள். மனிதர்கள் படகில் வந்து விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் துளிர்த்ததை எல்லாம் கருவாயன் என்ற வெள்ளாட்டுக் கிடா மேய்ந்து தீர்த்தது. வடமுனையில் இரண்டே கிழட்டு மரங்கள் தப்பின. அங்கேயும் கடல் பெருகும்போது அலை ஏறிவிடும். முயல் குட்டி போட முடியாது.

போன கோடையில் பஞ்சி மூன்று குட்டிகள் போட்டது. மூன்றையும் வெயில் கொண்டுபோய்விட்டது. முயலுக்கு நீந்தவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. வேறு எங்கே போகும்?

"அடுத்த கோடைக்குள்ள ஒரு புதராவது வேணும், பெரியப்பா!" என்று தீவின் தலைவரான உடும்பு மருதையாவிடம் அது அழுதது.

மருதையா கூட்டம் போட்டார். கூட்டம் போடுவதில் அவர் கெட்டிக்காரர்.

"முதல்ல அந்தக் கிடாவ வடமுனைக்கு விரட்டுங்க! அப்புறம் விதைப்போம்!" என்றார்.

எல்லோரும் சேர்ந்து கருவாயனை விரட்டினார்கள். பிறகு வேலை மும்முரமாக நடந்தது. ஆலா என்னும் கடற்பறவைகள் வடமுனை மரங்களின் கீழே கிடந்த காய்ந்த நெற்றுகளைக் கொத்தி வந்தன. நண்டுகள் குழி தோண்டின. பஞ்சி ஒவ்வொரு விதையையும் தன் காலாலேயே மண் தள்ளி மூடியது.

ஐப்பசி மழை கொட்டியது. பத்து நாள் ஆயிற்று. இருபது நாள் ஆயிற்று. ஒரு முளைகூட இல்லை! நண்டு ஒரு குழியைத் தோண்டிப் பார்த்தது. விதை போட்டபடியே கல் மாதிரி கிடந்தது.

"கிடாப்பய சாபம் விட்டுட்டான்!" என்றார் மருதையா.

பஞ்சி வடமுனைக்கு ஒரே ஓட்டமாக ஓடியது.

"அண்ணே, கோவத்த விடுங்க! சாபத்தத் திரும்ப எடுத்துக்கங்க!"

"சாபமா? எனக்கு அசைபோடவே நேரம் பத்தல, தாயி!" என்றது கருவாயன்.

பஞ்சி அதன் காலடியைப் பார்த்தது. கிடா படுக்கும் இடம் முழுக்கப் பச்சைப் பசேல் என்று உடைமரக் கன்றுகள்!

"இத யாருண்ணே விதைச்சா?"

"யாரும் விதைக்கல. நெத்தத் தின்னேன். அப்புறம்..." கருவாயன் வெட்கப்பட்டது. "போட்டேன்."

"என்னத்தப் போட்டீங்க?"

"புழுக்கைதான், தாயி!"

அப்போதுதான் பஞ்சிக்குப் புரிந்தது. உடைவிதையின் தோல் கெட்டி. மழைத்தண்ணீர் லேசில் உள்ளே இறங்காது. கிடாவின் வயிற்றுக்குள் போய்வந்த விதை, தோல் இளகி உடனே முளைக்கிறது. படுக்கிற இடத்தில் மேய்வது கிடாவுக்கு அருவருப்பு. அதனால் கன்றுகள் தப்பித்திருக்கின்றன.

புழுக்கையையே விதைப்போம் என்று பஞ்சி வந்து சொன்னதற்கு மருதையா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பிடித்தால் உடும்புப் பிடிதானே!

"புழுக்கையால காடு வளக்கிறதா? தீவோட மானம் என்ன ஆகிறது?"

அதுவரை குரல் உயர்த்தாத பஞ்சி உயர்த்தியது. "மானத்துக்கு அடியில என் குட்டியப் படுக்கப் போட முடியுமா, பெரியப்பா?"

ஆலாக்கள் வடமுனையிலிருந்து புழுக்கைகளைக் கொத்தி வந்தன. மூக்கால் முதல் புழுக்கையைக் குழிக்குள் உருட்டியவர் மருதையாதான். நண்டுகள் மீதியை உருட்டின. எட்டாம் நாள் குழிக்குக் குழி முளை தெரிந்தது!

ஒன்பதாம் நாள் வடமுனையிலிருந்து கருவாயன் வந்து நின்றது. மெல்லத் தலையைக் குனிந்து ஒரு முளையின் அருகே வாயைக் கொண்டுபோனது.

பஞ்சிக்கு உயிரே போய்விட்டது. "அண்ணே, வேண்டாம்!"

கருவாயன் முளையை முகர்ந்தது. இன்னொரு தடவை முகர்ந்தது.

"எதுக்கு இப்படிக் கத்துற? இதெல்லாம் என் வயித்துல பொறந்தது, தாயி! வயித்துல பொறந்ததை எவனாவது தின்பானா?"

அன்றிலிருந்து அந்தத் தீவில் கருவாயனைப் போல ஒரு காவல்காரன் கிடையாது. ஆலா ஒன்று கன்றின் மேல் உட்காரப் பார்த்தாலே கொம்பை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். தான் மட்டும் புல்லை மேய்ந்துகொண்டு, நெற்று விழும் காலத்துக்காகக் காத்திருந்தது.

சித்திரை வந்தது. வெயில் தீயாய்க் காய்ந்தது. கன்றுகள் கருவாயனின் முழங்கால் உயரத்துக்குப் புதராகியிருந்தன. ஒரு முயலுக்கு அது போதாதா? அந்த நிழலில் பஞ்சி நான்கு குட்டிகள் போட்டது. நான்கும் பிழைத்தன! பஞ்சி நீளமாக ஒரு மூச்சு விட்டது. பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியது.

ஒருவரை ஆகாதவர் என்று விரட்டுவதற்கு முன், அவரால் மட்டுமே ஆகிற வேலை எது என்று பார்க்க வேண்டும்.