சுவரில் நின்றவள்

ஹவுஸ் ஓனர் கஜபதி யாரையும் லேசில் காலி பண்ண விடமாட்டார். தையல்காரி பவுனு கிளம்பும்போது சுவரைக் காட்டினார். முக்காடிட்ட பெண்ணைப் போல அங்கே ஓர் ஈரக்கறை.

"இது நீ பண்ண கறை. போக்கிட்டு அப்புறம் தையல் மெஷினைத் தூக்கு."

எத்தனை தேய்த்தாலும் போகாத கறை அது. அதற்குள் நல்ல நேரம் பார்த்துப் புதுக் குடித்தனம் பால் காய்ச்ச வந்துவிட்டது. பவுனு அவர்கள் தட்டிலிருந்த கற்பூரத்தை எடுத்துக் கறையின்முன் ஏற்றினாள்.

"நான் கிளம்பறேன் தாயே. நீதான் வரமாட்டேங்கிறே. இனி இவங்களோட சமத்தா இரு."

வந்தவர்கள் பால்குண்டானோடு வாசலுக்குப் பின்வாங்கினார்கள்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல!" கஜபதி அலறினார். "மாடித் தொட்டி பத்து வருஷமா ஒழுகுது!"

"அப்போ கறை நான் பண்ணலையே, சார்." பவுனு மெஷினோடு வெளியேறினாள்.

சுவரில் இருந்தவள் மெல்ல முகத்தைத் திருப்பி, கஜபதியைப் பார்த்தாள்.