கட்டைக் கேக்கும் மூணு விருந்தாளியும்

ஒரு ஊர்ல, அலைச்சத்தம் கேக்காம யாருக்கும் தூக்கமே வராத ஒரு கடற்கரை ஊர்ல, ஒரு சம்மாட்டி இருந்தானாம். சம்மாட்டின்னா யாரு? வள்ளத்துக்குச் சொந்தக்காரன். தான் கடலுக்குப் போகமாட்டான், கூலியாளை அனுப்புவான். இவன் பேரு தொம்மை. எச்சில் கையால காக்கா ஓட்டாத கஞ்சன். யாரு காசு குடுத்தாலும் நல்ல காசா, கள்ளக் காசான்னு வாயில வச்சுக் கடிச்சுப் பார்ப்பான். கடிச்சுக் கடிச்சே முன்பல்லு பாதி ஒடைஞ்சு போச்சு. ஏட்டி, சிரிக்காதே. அந்தப் பல்லை ஞாபகம் வச்சுக்க.

அவன்கிட்ட ஒரு பழைய வள்ளம். முன்பலகையில நீலச் சாயத்துல ஒரு கண்ணு எழுதியிருக்கும், கடல்ல வழி பார்க்கிறதுக்கு. அடியில மட்டும் ஓட்டை. கூலிக்குப் போற மூணு பேரும் வந்து, "சம்மாட்டி, ஓட்டையை அடைச்சுக் குடும்"னாங்க. "அடுத்த வாரம் பார்ப்போம்லே"ன்னான். அடுத்த வாரம் கேட்டாங்க. "நல்ல மீன்பாடு வரட்டும், பார்ப்போம்லே"ன்னான். மறுபடி கேட்டாங்க. "பயமா இருந்தா வீட்ல கெடங்கலே"ன்னான். வீட்ல கெடந்தா அடுப்பு எரியுமா? போனாங்க. போனவங்க வரவே இல்ல. பலகை மட்டும் கரைக்கு வந்துச்சு. தொம்மை என்ன செஞ்சான் தெரியுமா? ஊரே மாரடிச்சு அழும்போது, அந்தப் பலகையைப் பொறுக்கிட்டுப் போயி வீட்டுக்குப் பின்னால அடுக்கினான். விறகுக்கு ஆகுமாம்! பாவி.

அப்புறம் காலம் போச்சு. அவன் மக சலேத்தம்மா பெரியவளாயிட்டா. நல்ல பிள்ளை, அப்பன் புத்தி ஒரு சொட்டு கெடையாது. இன்னாசின்னு ஒரு பையன், கடலுக்குப் போறவன், அவனைத்தான் கட்டுவேன்னா. சரின்னு கல்யாணம் பேசினாங்க.

அந்த ஊர்ல கல்யாணக் கேக்கு மூணு தட்டு. மேல்தட்டு பொண்ணு மாப்பிள்ளைக்கு. நடுத்தட்டு ஊருக்கு. இருக்கிறதுலயே பெருசான அடித்தட்டு யாருக்கு? கடலுக்குப் போயி திரும்பாதவங்களுக்கு. உச்சிவேளைக்குக் கோயில் மணி அடிக்கும்போது பொண்ணு அதைச் சுமந்துட்டுப் போயி ஈர மணல்ல வச்சுட்டு, திரும்பிப் பார்க்காம வந்துரணும். அலை வந்து எடுத்துக்கும். அந்தப் பங்குல குறை வச்சா, கல்யாண வீட்ல ஒரு ஆளைக் கடல் கூட்டிட்டுப் போயிரும். அப்படி ஒரு ஊர்க்கட்டு.

தொம்மை ரொட்டிக்கடை கயித்தான்கிட்ட போனான். "மேல்தட்டும் நடுத்தட்டும் நீ சுடு. அடித்தட்டு நான் கொண்டாறேன், மேல வெள்ளைச் சீனிப்பாகை மட்டும் பூசிக் குடு"ன்னான்.

"என்ன சம்மாட்டி, அடித்தட்டு போனவங்க பங்குல்லா?"

"தண்ணியில போறதுக்கு எதுக்குவே முட்டையும் நெய்யும் முந்திரியும்? செத்தவனுக்குக் கண்ணு இருக்கா? நாக்கு இருக்கா? பல்லு இருக்கா?"

அப்படிக் கேட்டான் பாரு! வீட்டுக்கு வந்து பின்னால கெடந்த பலகையை எடுத்து, வட்டமா அறுத்து, ஒண்ணுமேல ஒண்ணு வச்சு ஆணி அடிச்சான். கண்ணு எழுதின பலகையும் அதுல இருந்துச்சு. அது தன்னையே பார்க்குதுன்னு அதை மட்டும் உள்பக்கமாத் திருப்பி வச்சு அடிச்சான்.

கயித்தான் பாகைப் பூசினான். பூசினது வழிஞ்சு விழுந்துச்சு. தொட்டுப் பார்த்தா கட்டை ஈரமா இருக்கு. தொடைச்சுட்டு மறுபடி பூசினான். மறுபடி வழிஞ்சுச்சு. கையை நக்கிப் பார்த்தான், உப்பு. அத்தனை வருசம் வெயில்ல காய்ஞ்ச கட்டையில ஏது கடல் தண்ணி? மூணாவது தடவை சிலுவை போட்டுட்டுப் பூசினான், ஒட்டிக்கிச்சு. ஆனா அன்னைலேருந்து அவனுக்குக் காய்ச்சல், கல்யாணத்துக்கே வரல.

கல்யாண நாள் வந்துச்சு. கோயில்ல தாலி கட்டி முடிஞ்சு, பந்தல்ல பந்தி நடக்குது. உச்சிவேளைக்கு மணி அடிச்சுச்சு. சலேத்தம்மா அடித்தட்டைத் தூக்கினா.

"என்னப்பா, இவ்வளவு பாரமா இருக்கு?"

"முந்திரி அதிகம் மக்கா, போ போ."

நடந்தா. உள்ளேருந்து டொக், டொக், டொக்னு ஒரு சத்தம். யாரோ உள்ள அடைபட்டுக் கதவைத் தட்டுற மாதிரி. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, கீழ போடல. ஈர மணல்ல வச்சா, திரும்பினா, நடந்தா. அலை வர்ற சத்தம் கேட்டுச்சு. போற சத்தமும் கேட்டுச்சு. அப்புறம் அவ பின்னாலயே ஏதோ மணல்ல இழுபடுற சத்தம். அவ நின்னா அதுவும் நிக்குது. அவ நடந்தா அதுவும் வருது. திரும்பக்கூடாதே! பல்லைக் கடிச்சுக்கிட்டு பந்தலுக்கு வந்து சேர்ந்தா.

அங்க கடைசிப் பந்தியில மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. வேட்டியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். உச்சி வெயில்ல எவனுக்குமே நிழல் இல்லையா, அதனால அந்த மூணு பேருக்கும் நிழல் இல்லாதது யாருக்கும் தெரியல. பரிமாறுறவன் சோறு வச்சான். "வேண்டாம்"னாங்க. கறி ஊத்தப் போனான். "வேண்டாம்." பாயாசம்? "வேண்டாம்."

"பின்ன என்னதான்வே வேணும்?"

"கேக்கு"ன்னான் மூத்தவன். பார்த்தா, அவன் இலைக்கு நடுவுல அந்த அடித்தட்டு உட்கார்ந்திருக்கு. "சம்மாட்டி, வந்து நறுக்கும்."

அந்தக் குரலைக் கேட்டதும் தொம்மைக்கு யாருன்னு தெரிஞ்சு போச்சு. கத்தி எடுத்தான். முதல் வெட்டுல கத்தி வளைஞ்சுச்சு. ரெண்டாவது வெட்டுல முனை ஒடைஞ்சுச்சு. மூணாவது வெட்டுல வெள்ளைப் பாகெல்லாம் உரிஞ்சு, ஆணி கழண்டு, மேல் பலகை விழுந்துச்சு. உள்ள இருந்து அந்த நீலக் கண்ணு ஊரைப் பார்த்துச்சு.

எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, அது எந்த வள்ளத்துக் கண்ணுன்னு.

"எங்க பங்குல குறை வச்சுட்டீரு. கட்டுப்படி ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போறோம்"னு மூத்தவன் எந்திரிச்சான். அவ்வளவுதான், மாப்பிள்ளை இன்னாசி எந்திரிச்சான். கூப்பிடவே இல்ல, தானா எந்திரிச்சான். கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறவன் மாதிரி கடலைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுட்டான். நாலு பேர் பிடிச்சும் நிறுத்த முடியல.

அழுதுக்கிட்டு நின்னா ஆகுமா? சலேத்தம்மா ஓடினா. தனக்கும் அவனுக்கும்னு வச்ச மேல்தட்டை அப்படியே தூக்கிட்டு வந்து, மூணாப் பிட்டு, மூணு இலையிலயும் வச்சா.

"மாமா, சின்ன வயசுல என்னை நீங்கதான் வள்ளத்துல ஏத்தி வேடிக்கை காட்டுவீங்க. இது என் பங்கு. எங்கப்பன் வீட்டுச் சாப்பாடா நினைக்காம, உங்க மக வீட்டுச் சாப்பாடா நினைச்சுச் சாப்பிடுங்க"ன்னா.

மூணு பேரும் அவ மொகத்தையே பார்த்தாங்க. அப்புறம் குனிஞ்சு சாப்பிட்டாங்க. ஒரு துணுக்கு மிச்சம் வைக்கல. எத்தனை வருசப் பசியோ! கடைசி வாய் உள்ள போனதும் இன்னாசி திடுக்குன்னு முழிச்சு, "நான் ஏன் இங்க நிக்கேன்?"னு கேட்டான்.

"நல்லா இரு தாயி. உன் புருசனைக் கடல் தொடாது"ன்னான் மூத்தவன். தொம்மை நைசா நழுவப் பார்த்தான்.

"எங்க போறீரு சம்மாட்டி? பிள்ளை அவ பங்கைக் குடுத்துட்டா. நீரு இன்னும் குடுக்கலியே."

"என்னலே வேணும்? வேற கேக்கு சுடச் சொல்லுதேன், பெரிய கேக்கு..."

"வேண்டாம். எங்களுக்குப் பல்லு இருக்கான்னு கேட்டீரே. உமக்கு இருக்குல்லா? நீரு செஞ்சதை நீரே தின்னும். வாரும்."

தொம்மை அந்தக் கட்டையைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். "எப்பா, போகாதப்பா!"ன்னு மக கதறுறா. அவன் திரும்பிப் பார்க்கல, பார்க்க விடல. நாலு பேரும் கடலைப் பார்த்து நடந்தாங்க. ஊரே பார்த்துச்சு. ஆனா அப்புறம் போயி மணலைப் பார்த்தா, ஒரே ஒரு ஆள் கால்தடம்தான் இருந்துச்சு.

மறுநாள் அலை அந்தக் கட்டையை மட்டும் கரையில கொண்டாந்து போட்டுச்சு, ஊரு பார்த்ததும் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. சுத்திச் சுத்திப் பல்தடம். ஒவ்வொரு தடத்துலயும் முன்பல்லு பாதி இல்ல.

ஞாபகம் இருக்குல்லா, நான் சொன்ன பல்லு? என்னடா, போர்வைக்குள்ள போயிட்டே? கேளு, இன்னும் கொஞ்சம்தான்.

சலேத்தம்மா மகளுக்கும் கல்யாணம் வந்துச்சு. அவளே மாவு பெசைஞ்சு அடித்தட்டு சுட்டா. அதை நாலாப் பிட்டா. மூணு அவங்களுக்கு, ஒண்ணு தன் அப்பன் தொம்மைக்கு. என்ன இருந்தாலும் பெத்தவன்ல்லா, மனசு கேக்கல. மக அதை ஈர மணல்ல வரிசையா வச்சுட்டு வந்தா. அலை வந்துச்சு, மூணையும் எடுத்துக்கிட்டுப் போச்சு. நாலாவது துண்டு மட்டும் அப்படியே கெடந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் கெடந்துச்சு. இன்னும் கட்டையைத் தின்னு முடிக்கலபோல.

இருக்கிறவனுக்குக் குறைச்சா அவன் கேட்டு வாங்குவான், போனவனுக்குக் குறைச்சா அவன் வந்து வாங்குவான். கதை கடலுக்கு, காத்து கரைக்கு, தூக்கம் என் பிள்ளைகளுக்கு. கண்ணை மூடுங்க. டொக்னு சத்தம் கேட்டா அது ஜன்னல்தான், வேற ஒண்ணுமில்ல.