கொக்கு ஏன் எருமை பின்னாடி போகுது

அந்தக் காலத்துல பறவைக பேசும். இப்பவும் பேசுது, நமக்குத்தான் கேக்க நேரமில்ல. அப்ப ஒரு கண்மாய் இருந்துச்சு. தண்ணிய விட மீனு சாஸ்தின்னா பாத்துக்கங்க. அதுக்கு நாட்டாமை கூழைக்கடா. ஏன் அதைப் போட்டாகன்னா, வாயி பெருசு. இப்பவும் அப்படித்தான போடுறோம், விடுங்க.

புடிக்கிற மீனுல பாதிய எல்லாரும் நாட்டாமை வாயில கொண்டாந்து போட்டுறணும். அது ஊருப் பொது. நாட்டாமை நல்ல மனசுக்காரருதான். விடிஞ்சதும் ஊருக் குஞ்செல்லாம் வரிசையா வாயத் தொறந்து நிக்கும், ஆளுக்கொரு கெண்டையப் போடுவாரு. மிச்ச மீனக் கூலியாக் குடுத்து, கரையில தன் பேருல நாணல் வளைவு ஒண்ணு கட்டுனாரு. குஞ்சுக நல்லாக் கொழுத்துச்சு. வாயத் தொறக்குறதத் தவிர ஒண்ணும் தெரியாது.

வெள்ளையம்மான்னு ஒரு கொக்கு. அதுக்கு ஒத்தக் குஞ்சு. போன வருசம் தொடை நனைஞ்ச எடத்துல இப்பக் கணுக்காலுதான் நனையுதுன்னு பாத்துட்டு, நேரா நாட்டாமைகிட்டப் போச்சு.

"நாட்டாமை, தண்ணி எறங்குது. பொது மீனுல கொஞ்சம் கரிச்சான் குருவிக்குக் குடுங்க. எருமை மேயிறப்பக் கெளம்புற பூச்சியப் புடிக்க நம்ம புள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும்."

"மீனு திங்கிற குடும்பம் எருமைக்குப் பின்னாடி போறதா? மானம் போயிரும் வெள்ளையம்மா."

பக்கத்துல நின்ன நீர்க்காக்கா, "அதுல்ல நாட்டாமை, எருமையில மாப்பிள்ள பாத்திருக்கா போல"ன்னுச்சு. கூட்டமே சிரிச்சுச்சு.

மறுநா காலையில தன் குஞ்சு வாயில விழுந்த கெண்டைய வெள்ளையம்மா புடுங்கிக்கிட்டுப் பறந்துச்சு. எருமை முதுகுல கரிச்சான் உக்காந்திருந்துச்சு.

"இந்தாங்க, ஃபீஸு."

"கெண்டையா? அயிரை இல்லியா?"

"புள்ள வாயிலேர்ந்து புடுங்குனது."

கரிச்சான் அன்னிக்கே குஞ்சுக்குப் பாடத்த ஆரம்பிச்சுருச்சு.

குஞ்சு பட்ட பாடு கொஞ்சமில்ல. சாணியில விழுந்துச்சு, வாலடி வாங்குச்சு, பல நா பட்டினியாத் தூங்குச்சு. "ஆத்தா, பூச்சி கடிக்குது"ன்னு அழுதுச்சு. "நீயும் கடி"ன்னுச்சு வெள்ளையம்மா.

அப்புறம் மழை பொய்ச்சுச்சு. கண்மாய் வெடிச்சுக் கெடந்துச்சு. விடிஞ்சதும் குஞ்சுக வழக்கம்போல வரிசையில வந்து வாயத் தொறந்து நின்னுச்சுக. நாட்டாமை தன் வாயத் தொறந்தாரு. உள்ள ஒரு செதிலு.

அன்னிக்குச் சாயந்தரம் மகனக் கூட்டிக்கிட்டு வெள்ளையம்மாகிட்ட வந்தாரு. "இவனுக்காவது சொல்லிக் குடு வெள்ளையம்மா."

வெள்ளையம்மா குத்திக் காட்டல. எருமை பின்னாடி கொண்டுபோய் விட்டுச்சு. வெட்டுக்கிளி ஒண்ணு கெளம்புச்சு. மகன் பாஞ்சு ஒரே கவ்வு.

எருமை திரும்பிப் பாத்து, "தம்பி, அது என் காலு"ன்னுச்சு.

சின்னதுல பழக்கியிருந்தா வந்திருக்கும். இப்ப வாயும் வளந்துருச்சு, வயசும் போயிருச்சு. அப்பனும் மகனும் வடக்க பாத்துப் பறந்தாக. கரையில நின்ன வளைவ எருமை தின்னுருச்சு.

அன்னிலேர்ந்துதான் கூழைக்கடா காலிப் பையத் தொங்கப் போட்டுக்கிட்டு, தண்ணி எங்க தண்ணி எங்கன்னு ஊரு ஊராப் பறக்குது. கொக்கு எருமை பின்னாடி தன் பாட்டுக்கு நடந்து போகுது.